இன்சுலின் வேலை செய்யவில்லை என்றால் கல்லீரலில் கொழுப்பு எப்படிச் சேருகிறது?

கேள்வி இது: "என் அண்ணனுக்கு 38 வயது. ஒல்லி. குடிப்பழக்கம் கிடையாது, எண்ணெய்ப் பலகாரம்கூட எப்போதாவதுதான். ஹெல்த் செக்கப் ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 1 என்று வந்திருக்கிறது. டாக்டர் 'இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார். இன்சுலின்தானே கொழுப்பைச் சேர்த்துவைக்கச் சொல்லும் ஹார்மோன்? அது வேலை செய்யவில்லை என்றால் கொழுப்பு குறையத்தானே வேண்டும்?"

உங்கள் தர்க்கத்தில் பிழை இல்லை. நான் உயிர்வேதியியல் நடத்துகிறவன். ஒவ்வொரு பேட்சிலும் ஒரு மாணவராவது இதைக் கேட்பார். யாரும் கேட்காத வருடம் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கும். குழப்பமெல்லாம் 'ரெசிஸ்டன்ஸ்' என்ற சொல்லால் வருவது. உடம்பு முழுக்க இன்சுலின் ஒரே மாதிரி செயலிழந்துவிட்டது என்று அந்தச் சொல் நினைக்க வைக்கிறது. உண்மையில் கொழுப்புத் திசு இன்சுலின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை, தசையும் கேட்பதில்லை. கல்லீரலுக்கு மட்டும் ஒரு காது கேட்கும், ஒரு காது கேட்காது. கேட்கிற காதுதான் கொழுப்புத் தயாரிக்கச் சொல்லும் காது.

முதலில், எல்லாம் ஒழுங்காக இருக்கும் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நாலு இட்லி சாப்பிட்டால் கொஞ்ச நேரத்தில் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும், கணையம் இன்சுலினைச் சுரக்கும். அந்த இன்சுலின் எடுத்த எடுப்பிலேயே உடம்பெங்கும் போய்விடுவதில்லை. குடலிலிருந்து சத்துகளை ஏற்றி வரும் போர்ட்டல் சிரையில் கலந்து முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் அங்கேயே பிடித்துச் சிதைத்துவிடும். மிச்சம்தான் மற்ற உறுப்புகளுக்கு. ஆக, இன்சுலினின் முழுச் சத்தமும் விழுகிற இடம் கல்லீரல். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இன்சுலின் மூன்று இடங்களுக்கு மூன்று உத்தரவு போடுகிறது. தசையிடம், குளுக்கோஸை உள்ளே எடுத்துக் கிளைகோஜனாக, அதாவது குளுக்கோஸைக் கோத்துச் சேமிக்கும் வடிவில், வைத்துக்கொள் என்கிறது. கொழுப்புத் திசுவிடம், இருப்பில் உள்ள கொழுப்பை இப்போது வெளியே விடாதே, பூட்டு என்கிறது. கல்லீரலிடம், சாப்பாடு வந்துவிட்டது, நீ குளுக்கோஸ் தயாரிப்பதை நிறுத்து, கொஞ்சம் கிளைகோஜனாக வை, அதற்கும் மேல் மிஞ்சினால் கொழுப்பாக மாற்று என்கிறது. கல்லீரலில் கிளைகோஜன் வைக்க இருக்கும் இடம் சுமார் 100 கிராம்தான். தசைகளில் அதைப்போல நாலு மடங்கு.

இனி ரெசிஸ்டன்ஸ். கொழுப்புத் திசுவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கணக்கில் பெரிய பங்கு அங்கேதான் இருக்கிறது.

இரவு முழுக்கப் பட்டினி கிடக்கும்போது கொழுப்புத் திசு தன் இருப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக ரத்தத்தில் விடும். அது நியாயமான வேலை. அதை வைத்துத்தான் தூங்கும்போது உடம்பு ஓடுகிறது. காலையில் சாப்பிட்டதும் இன்சுலின் வந்து அதை நிறுத்த வேண்டும். ரெசிஸ்டன்ஸ் உள்ளவரிடம் அந்தப் பூட்டு முழுசாக விழாது. நெல் குதிரின் அடிவாய் அடைபடாமல், மேலே நெல் கொட்டக் கொட்ட கீழே ஒழுகிக்கொண்டே இருப்பது போலத்தான். சாப்பிட்ட பிறகும், ராத்திரி பகல் பாராமல், கொழுப்பு அமிலம் ரத்தத்தில் வந்துகொண்டே இருக்கும். கல்லீரலுக்கோ 'போதும்' என்று சொல்லும் வழி கிடையாது. எவ்வளவு வருகிறதோ அந்த அளவுக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்ததை எரிக்க வேண்டும், அல்லது வெளியே அனுப்ப வேண்டும், அல்லது ட்ரைகிளிசரைடாக, அதாவது சேமிப்புக் கொழுப்பாக, கட்டி உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு பெரிய பங்கு? 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாக அளந்தது. ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்குப் பயாப்ஸிக்கு முன்பு சில நாட்கள், அடையாளமிட்ட அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலங்களையும், கொழுப்பு கட்டுவதற்கான மூலப்பொருளான அசிட்டேட்டையும் கொடுத்தார்கள். பிறகு கல்லீரலில் எடுத்த துணுக்கில் எந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் மிதந்து வந்த கொழுப்பு அமிலத்திலிருந்து 59 சதவீதம். கல்லீரலே மாவுச்சத்து, சர்க்கரை போன்றவற்றிலிருந்து புதிதாகக் கட்டியது 26 சதவீதம். உணவில் நேராகச் சாப்பிட்ட கொழுப்பு வெறும் 15 சதவீதம். அண்ணன் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடுவதில்லை என்றீர்களே, அந்த 15 சதவீதத்தில்தான் அவர் சிக்கனம் பிடித்திருக்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும். தொப்பைக்குள் இருக்கும் கொழுப்பு நேராகக் கல்லீரலில் வடிகிறது, அதுதான் காரணம் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. வயிற்று உள்கொழுப்பின் ரத்தம் போர்ட்டல் சிரையில் கலப்பது உண்மை. ஆனால் கல்லீரலுக்கு வந்து சேரும் கொழுப்பு அமிலத்தில் பெரும்பகுதி தோலடிக் கொழுப்பிலிருந்து சுற்றி வருவதுதான். தொப்பையை முக்கியமாக ஓர் அறிகுறியாகப் பாருங்கள்: தோலடியில் வைக்க வேண்டியதை வைக்க முடியாமல் உடம்பு வேறிடம் தேடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்து தசை. இது பலருக்குத் தெரியாத பகுதி. ஒல்லியானவர்களைப் பொறுத்தவரை எனக்கு மிகவும் பிடித்த விளக்கமும் இதுதான். 2007-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன் குழுவினர், ஒல்லியான, ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தின் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கும், இன்னொன்றுடையது இணங்காது. எடையிலோ வயிற்றுக் கொழுப்பிலோ இருவருக்கும் வித்தியாசம் இல்லை. இருவருக்கும் ஒரே மாவுச்சத்து உணவைக் கொடுத்துவிட்டு, அது எங்கே போகிறது என்று கவனித்தார்கள். முதல் கூட்டத்தில் தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகப் போனது. இரண்டாவது கூட்டத்தில் தசை எடுத்துக்கொண்டது குறைவு. கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றும் வேகம் இரண்டு மடங்குக்கும் மேல். அவர்கள் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு சுமார் 60 சதவீதம் அதிகம், நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் சுமார் 20 சதவீதம் குறைவு. அதே சாப்பாடுதான். தசையின் கதவு சாத்தியிருந்ததால் கல்லீரல் வாசலில் போய் இறங்கியது.

சர்க்கரையும் மாவும் கல்லீரலில் கொழுப்பாகும் என்பது ஆய்வகத்தில் கண்டுபிடித்த புதுமையும் இல்லை. பழைய ரோமானியர்கள் வாத்துக்கு அத்திப்பழத்தைத் திணித்துத் திணித்துக் கொடுத்து அதன் ஈரலைக் கொழுக்க வைத்துச் சாப்பிட்டவர்கள். அத்தியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் இன்றைய இத்தாலிய மொழியில் ஈரலுக்கே பெயர் வந்திருக்கிறது. இன்றும் பிரான்சில் அந்தப் பண்டத்துக்காக வாத்துக்குக் கொடுப்பது மக்காச்சோளத்தை. அதாவது மாவுச்சத்து.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். சரி, தசையும் கொழுப்புத் திசுவும் கேட்பதில்லை. கல்லீரலும் ரெசிஸ்டன்ட் என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியானால் 'கொழுப்பாக்கு' என்ற உத்தரவையும் அது கேட்காமல் இருக்க வேண்டுமே?

இன்சுலின், கல்லீரல் செல்லின் மேலுள்ள ஏற்பியில் வந்து ஒட்டியதும் உள்ளே ஒரு செய்திச் சங்கிலி ஓடுகிறது. போகிற வழியில் அது கிளை பிரிகிறது. ஒரு கிளை ஃபாக்ஸோ1 என்ற புரதத்தை அடக்கி, குளுக்கோஸ் தயாரிப்பை நிறுத்தும். இன்னொரு கிளை ஸ்ரெப்-1சி என்ற புரதத்தை எழுப்பி, கொழுப்பு கட்டும் என்சைம்களை உண்டாக்கும். டைப் 2 சர்க்கரை நோயில் முதல் கிளை பழுது. அதனால்தான் ஒன்றும் சாப்பிடாத காலை வேளையிலும் குளுக்கோஸ் ஏறியிருக்கிறது. இரண்டாவது கிளை வேலை செய்துகொண்டே இருக்கிறது. குளுக்கோஸ் இறங்காததைப் பார்த்துக் கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைக் கொட்டும். அந்த முழுச் சத்தமும் முதலில் விழுவது கல்லீரலில்தான் என்று சொன்னேன் அல்லவா? கேட்காத காதுக்காகப் போட்ட கூச்சல், கேட்கிற காதில் போய் விழுகிறது. கொலஸ்ட்ரால் ஆய்வுக்காக 1985-இல் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 2008-இல் இதைத்தான் பகுதி எதிர்ப்பு, முழு எதிர்ப்பு என்று பிரித்து எழுதினார்கள்.

அவர்கள் காட்டிய சாட்சி எலிகள். கல்லீரலில் இன்சுலின் ஏற்பியையே நீக்கிவிட்ட எலிக்கு, அதாவது இரண்டு காதும் கேட்காத எலிக்கு, ரத்தச் சர்க்கரை ஏறுகிறது, ட்ரைகிளிசரைடு ஏறுவதில்லை. நீங்கள் எதிர்பார்த்தது போலவே! மனிதர்களிலும் இதற்கு இணை உண்டு. இன்சுலின் ஏற்பி மரபணுவிலேயே கோளாறுடன் பிறக்கும் சிலருக்கு ரெசிஸ்டன்ஸ் மிகக் கடுமையாக இருக்கும், இன்சுலின் அளவு தாறுமாறாக ஏறியிருக்கும், ஆனால் ஃபேட்டி லிவர் வருவதில்லை. ஏற்பி நன்றாக இருந்து, சங்கிலியில் அதற்குக் கீழே பழுதானவர்களுக்கு வருகிறது. ஆகவே உங்கள் தர்க்கம், முழுக்கச் செவிடான கல்லீரலுக்குப் பொருந்தும். அண்ணனுடையது அப்படிப்பட்டது அல்ல.

இந்த இரண்டு கிளைக் கதையை எல்லா ஆய்வாளர்களும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்லீரல் கொழுப்புக் கட்டுவதற்குச் செய்திச் சங்கிலியைவிட, வந்து குவியும் சரக்கே முக்கியம் என்பது ஷுல்மன் தரப்பின் வாதம். கொழுப்பு அமிலம் வந்து குவிந்தால், இன்சுலின் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது ட்ரைகிளிசரைடாகக் கட்டப்படும். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இன்சுலினைக் கேட்காமலேயே கொழுப்பு என்சைம்களைத் தூண்டும். குறிப்பாக ஃப்ரக்டோஸ், அதாவது சர்க்கரையின் பாதி, கல்லீரலில் வழக்கமான கட்டுப்பாட்டு வாசலைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது. என் பார்வையில் இரண்டும் ஒன்றோடொன்று மோதும் விளக்கங்கள் அல்ல. சரக்கும் வருகிறது, கட்டச் சொல்லும் உத்தரவும் வருகிறது.

இன்னொரு ஒப்பீடு இதைத் தெளிவாக்கும். டைப் 1 சர்க்கரை நோயில் இன்சுலின் ஊசி போடாவிட்டால் கொழுப்புத் திசு மொத்தமாகத் திறந்துகொள்ளும், கொழுப்பு அமிலம் வெள்ளமாகக் கல்லீரலுக்கு வரும். ஆனால் அங்கே அது பெரும்பாலும் எரிந்து கீட்டோனாகிறது. அதுதான் உயிருக்கே ஆபத்தான கீட்டோஅசிடோசிஸ். அண்ணன் போன்றவர்களிடம் அப்படி எரிவதில்லை. ஏன்? இன்சுலின் மிகுதியாக இருக்கும்போது, கொழுப்புக் கட்டும் வேலையின் நடுவில் மலோனைல் கோஏ என்ற பொருள் சேருகிறது. கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியா என்ற செல்லின் உலைக்குள் எரியப் போகும் வாசலை அது அடைத்துவிடும். கட்டுகிற நேரத்தில் எரிக்காதே என்பது உடம்பின் சாதாரண ஒழுங்கு. இங்கே அதுவே வினையாகிறது.

கல்லீரலுக்கு இருக்கும் இன்னொரு வழி ஏற்றுமதி. கல்லீரல் ட்ரைகிளிசரைடை விஎல்டிஎல் என்ற பொட்டலங்களாகக் கட்டி ரத்தத்தில் அனுப்பும். கொழுப்பு சேரச் சேர இதையும் கூட்டத்தான் செய்கிறது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் கூட்ட முடியாமல் திணறிவிடும். இதனால் ஒரு நன்மை: ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே தடயம் கிடைக்கும். ட்ரைகிளிசரைடு கூடி எச்டிஎல் குறைந்திருந்தால், சர்க்கரை நார்மலாக இருந்தாலும், ரெசிஸ்டன்ஸைச் சந்தேகிக்கலாம். கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட் போல இருக்கிறதா என்றும் பாருங்கள். அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மிகுதியான இன்சுலின் தோலில் செய்யும் வேலை அது.

ரெசிஸ்டன்ஸால் கொழுப்பா, கொழுப்பால் ரெசிஸ்டன்ஸா? இரண்டும்தான். கல்லீரலில் கொழுப்பு கட்டப்படும்போது இடைப்பொருளாக டைஅசைல்கிளிசரால் சேருகிறது. அது இன்சுலின் ஏற்பியின் வேலையையே மந்தமாக்குகிறது என்பது வலுவான கருத்து. அப்புறம் குளுக்கோஸ் ஏறும், இன்சுலின் ஏறும், கொழுப்பு இன்னும் சேரும். இந்தச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்ற முடியும் என்று இங்கிலாந்தின் நியூகாஸிலில் ராய் டெய்லர் 2011-இல் காட்டினார். டைப் 2 சர்க்கரை நோயுள்ள 11 பேருக்கு நாளுக்குச் சுமார் 600 கலோரி மட்டும் கொடுத்தார். ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மலுக்கு வந்தது. கல்லீரல் கொழுப்பு 8 வாரத்தில் 12.8 சதவீதத்திலிருந்து 2.9 சதவீதமாக இறங்கியது. (மருத்துவக் கண்காணிப்பில் செய்தது. வீட்டில் யாரும் இதை முயல வேண்டாம், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடவே கூடாது.)

ஒல்லியாக இருப்பவருக்கு எப்படி என்ற பகுதி பாக்கி இருக்கிறது. பிறவியிலேயோ பிற்பாடோ உடம்பில் கொழுப்புத் திசுவே இல்லாமல் போகும் லிப்போடிஸ்ட்ரோபி என்ற அரிய நோய் உண்டு. பார்த்தால் எலும்பும் தசையுமாக இருப்பார்கள். அவர்களுக்கு ரெசிஸ்டன்ஸும் ஃபேட்டி லிவரும் மிகக் கடுமையாக இருக்கும். கொழுப்பை வைக்கக் குதிரே இல்லாவிட்டால், அது வீட்டுக்குள்தானே கொட்டும்? ஆக, உடம்பில் மொத்தம் எவ்வளவு கொழுப்பு என்பதைவிட, அதைப் பத்திரமாக வைக்கத் தோலடியில் எவ்வளவு இடம் என்பதே கேள்வி. அந்த இடம் நம்மவர்களுக்குக் குறைவு.

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. உடம்புக் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். 2006-இல் யேல் குழு அமெரிக்காவில் வாழும் ஒல்லியான ஆண்களை ஒப்பிட்டபோது, இந்திய வம்சாவளியினருக்குக் கல்லீரல் கொழுப்பு வெள்ளையர்களைப் போல சுமார் இரண்டு மடங்கு இருந்தது. 'ஒல்லி' என்று நீங்கள் சொல்வதை நான் அதனால்தான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணனுக்கு இடுப்பில் டேப் வைத்துப் பாருங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதுதான் எல்லை. கையும் காலும் குச்சியாக, நடுவில் மட்டும் சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

விதிவிலக்கும் உண்டு. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு வகையைப் பெற்றவர்களுக்கு ரெசிஸ்டன்ஸ் இல்லாமலேயே கல்லீரலில் கொழுப்பு சேரலாம். 2008-இல் டாலஸில் கண்டுபிடித்தார்கள். சில மருந்துகளாலும், மறைத்துக் குடிக்கும் மதுவாலும் சேரலாம். எனவே இடுப்பு, ட்ரைகிளிசரைடு, சர்க்கரை எல்லாம் பிசகில்லாமல் இருந்தால் 'ரெசிஸ்டன்ஸ்' என்று டாக்டர் சொன்னதை ஒருமுறை திரும்பக் கேட்பதில் தவறில்லை.

என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மேலே சொன்ன வழியிலேயே விடையும் இருக்கிறது. தசையின் கதவைத் திறக்க மாத்திரையைவிட நடை நல்லது. வேலை செய்யும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமல் தானே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். ரெசிஸ்டன்ஸ் உள்ளவர்கள் ஒரே ஒரு முறை 45 நிமிடம் உடற்பயிற்சி செய்ததிலேயே, அடுத்த சாப்பாட்டுக்குப் பிறகு கல்லீரலின் கொழுப்புத் தயாரிப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது என்று அதே யேல் குழு 2011-இல் காட்டியது. சாப்பாட்டில் நான் முதலில் கை வைப்பது எண்ணெயில் அல்ல. நாளுக்கு நாலு முறை சர்க்கரை போட்ட டீ, பாட்டில் ஜூஸ், ராத்திரி மூன்றாவது கரண்டிச் சோறு, இவற்றில். எடை குறைப்பதில் ஒல்லியானவருக்கு ஒரு சலுகை: ஹாங்காங் ஆய்வு ஒன்றில், உடல் பருமன் இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு 3 முதல் 5 சதவீத எடை குறைந்ததிலேயே ஃபேட்டி லிவர் மறைந்தது. பருமனானவர்களுக்கு 7 முதல் 10 சதவீதம் தேவைப்பட்டது.

மருந்து விஷயத்தில் ஒன்று மட்டும். ரெசிஸ்டன்ஸ் என்றதும் மெட்ஃபார்மின் நினைவுக்கு வரும். அது சர்க்கரைக்கு நல்ல மருந்து. கல்லீரல் கொழுப்பைக் குறைப்பதில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பியோகிளிட்டசோன் என்ற இன்னொரு சர்க்கரை மருந்து குறைக்கிறது, அதுவும் தோலடிக் கொழுப்பைக் கூட்டி! எடை இரண்டு மூன்று கிலோ ஏறும், கல்லீரல் கொழுப்பு இறங்கும். நெல் குதிரின் ஒழுகலை அடைத்து, குதிரைக் கொஞ்சம் பெரிதாக்கியும் கொடுக்கிற மருந்து அது. பக்கவிளைவுகள் உண்டு, ஆகவே டாக்டர் முடிவு.

'கிரேடு 1' என்பதை வைத்து ரொம்பப் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அல்ட்ராசவுண்டில் கொழுப்பு தெளிவாகத் தெரிவதற்கே அது 20, 30 சதவீதத்தை எட்டியிருக்க வேண்டும். 5 சதவீதம் தாண்டினாலே ஃபேட்டி லிவர்தான். கிரேடு காட்டுவது கொழுப்பை மட்டும். தழும்பு விழத் தொடங்கியிருக்கிறதா என்பது வேறு கேள்வி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம் அளவு நார்மலாக இருந்தாலும் அது நடக்கலாம். வயது, எஸ்ஜிஓடி (இன்னொரு கல்லீரல் என்சைம்), எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை, இந்த நான்கை வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போடுவார்கள். அண்ணனின் செக்கப் தாளில் இந்த எண்களெல்லாம் ஏற்கெனவே இருக்கும். 1.3-க்குக் கீழே வந்தால் இப்போதைக்கு நடையும் சாப்பாடும் போதும். அதற்கு மேலே வந்தால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள், இந்த முறை இரண்டு வார்த்தையில் விடாதீர்கள்.